பிரெய்ன், மைண்ட், ஹெட், ஹார்ட்: எதை எப்போது சொல்வது?

தமிழ் வழியில் படித்து, வேலைக்கு வந்தபின் ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இலக்கணப் பிழைகளைச் சில வாரங்களில் அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். மூளை, மனசு, புத்தி, அறிவு ஆகிய நான்கு சொற்களிடம்தான் நெடுநாள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் அகராதியில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அதை எடுத்து வாக்கியத்தில் வைத்தால், நாம் நினைத்தது ஒன்று, கேட்பவர் புரிந்துகொள்வது வேறொன்று. இது படிப்பாளி, படிக்காதவர் எல்லோருக்கும் வருகிற சிக்கல். கீழே உள்ள வரிசையிலேயே பழகுங்கள். என் வகுப்பில் இந்த வரிசைதான் பலன் தந்திருக்கிறது.

முதல் படி: ஓசை

நம்மில் பலர் மூளைக்கு ‘பிரைன்’ என்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அது உப்புத்தண்ணீர். மாங்காயை ஊறப்போடுகிறோமே, அந்த நீரின் பெயர்தான் ‘பிரைன்’. மூளை என்றால் ‘பிரெய்ன்’. ‘ரெயில்’ என்று சொல்லும்போது வாய் எப்படித் திறக்கிறதோ அப்படியே சொல்லுங்கள், சரியாக வந்துவிடும்.

அடுத்தது ‘வைஸ்’. விவேகம் உள்ளவர் என்ற பொருளில் சொல்லும்போது உதட்டைக் குவித்துத் தொடங்க வேண்டும், கடைசி ஓசையில் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வு வேண்டும். மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துத் தொடங்கி, பாம்பு சீறுவதுபோல முடித்தால் அது வேறு சொல்: கெட்ட பழக்கம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். அதனால் இதைக் கண்ணால் படிக்காமல் காதால் பழகுங்கள். கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு இரண்டையும் மாறிமாறிப் பத்துத் தடவை கேட்டால் போதும்.

இரண்டாம் படி: மனசை இரண்டாகப் பிரியுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. நம்முடைய மனசு பெரிய வீடு. யோசிப்பதும் அங்கேதான், அழுவதும் அங்கேதான், முடிவெடுப்பதும் இரக்கப்படுவதும் அங்கேதான். ஆங்கிலத்தில் அந்த வீட்டுக்கு நடுவே ஒரு சுவர் உண்டு. ஒரு பக்கம் மைண்ட், மறுபக்கம் ஹார்ட். நினைவு, கவனம், முடிவு மூன்றும் மைண்ட் பக்கம். அன்பு, துக்கம், இரக்கம் மூன்றும் ஹார்ட் பக்கம்.

‘மனசு மாறிடுச்சு’ என்பது முடிவு. எனவே, ‘ஐ சேஞ்ச்ட் மை மைண்ட்’. ‘ரெண்டு மனசா இருக்கு’ என்பதும் முடிவுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அப்படியே ‘ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ்’ என்பார்கள். ‘மனசுல என்ன ஓடுது?’ என்று கேட்க, ‘வாட்ஸ் ஆன் யுவர் மைண்ட்?’ ‘ஐயோ, மறந்தே போச்சு’ என்பதற்கு ‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’. மைண்ட்டிலிருந்து நழுவிவிட்டது என்கிறார்கள்.

‘மனசு உடைஞ்சுபோச்சு’ துக்கம், ஆகவே ஹார்ட். ‘அந்த அம்மாவுக்கு நல்ல மனசு’ இரக்கம், அதுவும் ஹார்ட்: ‘ஷி ஹாஸ் எ குட் ஹார்ட்’. இங்கே மைண்ட் என்று சொன்னால் அந்த அம்மா நன்றாக யோசிக்கக்கூடியவர் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பாராட்டுதான், ஆனால் நீங்கள் சொல்ல வந்த பாராட்டு இல்லை.

அதிகம் பேர் தவறுகிற வாக்கியம், ‘ஏதோ கோபத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.’ இதைச் சொல் சொல்லாக மாற்றி ‘டோன்ட் கீப் இட் இன் மைண்ட்’ என்கிறோம். ‘கீப் இட் இன் மைண்ட்’ என்றால் ஞாபகம் வைத்துக்கொள் என்று பொருள். மன்னிப்புக் கேட்பது அதில் வராது. சரியான வாக்கியம், ‘ப்ளீஸ் டோன்ட் டேக் இட் டு ஹார்ட்’. வருத்தம் போய்ச் சேருகிற இடம் ஹார்ட் என்பதால் அப்படி.

சுவரில் இரண்டு ஓட்டைகள் உண்டு, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று மன நிம்மதி. அது உணர்ச்சியாக இருந்தும் ‘பீஸ் ஆஃப் மைண்ட்’. இன்னொன்று அந்த மனப்பாடமே. நினைவுச் சமாசாரம் என்றாலும் ஆங்கிலத்தில் ஹார்ட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: ‘லேர்ன் பை ஹார்ட்’. நம் ஊர்ப் பள்ளிகளில் ‘பைஹார்ட் பண்ணு’, ‘ஐ பைஹார்ட்டட்’ என்று அதையே வினைச்சொல்லாக்கிவிட்டோம். இந்தியாவுக்கு வெளியே ‘ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்’ என்றால்தான் புரியும்.

இரண்டிலும் அடங்காதவையும் இருக்கின்றன. ‘போக மனசே இல்ல’ என்பதற்கு மைண்டும் வேண்டாம், ஹார்ட்டும் வேண்டாம். ‘ஐ டோன்ட் ஃபீல் லைக் கோயிங்.’

ஒரு செய்தி சொன்னால் மாணவர்கள் எப்போதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘மைண்ட்’ என்ற சொல்லும், சமஸ்கிருத ‘மனஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அந்த மனஸ்தான் தமிழுக்கு வந்து மனம், மனசு ஆனது. லத்தீனின் ‘மென்ஸ்’ அதே வேர். அதிலிருந்து வந்தது ‘மென்டல்’. அதாவது நம் மனசும் அவர்கள் மைண்டும் தூரத்துச் சொந்தம். பழைய ஆங்கிலத்தில் மைண்டுக்கு நினைவு என்ற பொருள் பலமாக இருந்தது. ‘ரிமைண்ட்’ என்ற சொல்லில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் ‘கீப் இன் மைண்ட்’ ஏன் ஞாபகத்தைக் குறிக்கிறது என்பது தானாக விளங்கும்.

மூன்றாம் படி: ‘டு யூ மைண்ட்?’ என்று கேட்டால்

இது ஒன்றுக்காகவே தனிப் படி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் எதிரில் இருப்பவர் சங்கடப்பட்டுப் போகிறார்.

சென்னையிலிருந்து மதுரைக்கு மதியம் புறப்படும் ரயிலில் ஒருமுறை வந்துகொண்டிருந்தேன். மேற்குப் பக்க ஜன்னல், முகத்தில் அறைகிற வெயில். ஜன்னலோரம் ஓர் இளைஞர். அவருக்குப் பக்கத்தில் வடநாட்டுப் பெண்மணி ஒருவர், அறுபது வயதிருக்கும். அவர் திரையைக் காட்டி, ‘டு யூ மைண்ட் இஃப் ஐ புல் திஸ் டவுன்?’ என்று கேட்டார். இளைஞர் முகமெல்லாம் சிரிப்பாக, ‘யெஸ், யெஸ்!’ என்றார். அந்தப் பெண்மணியின் கை திரையை நோக்கிப் பாதி தூரம் போய், அப்படியே திரும்பிவிட்டது. செய்தித்தாளை நான்காக மடித்துக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டார். இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. விழுப்புரம் தாண்டிய பிறகுதான் அவரே எழுந்து திரையை இறக்கிவிட்டு, ‘ஏன் சார், இவங்களே இறக்கியிருக்கலாமே?’ என்று என்னிடம் தமிழில் கேட்டார்.

விஷயம் இதுதான். இந்தக் கேள்வியில் மைண்ட் என்பது வினைச்சொல். ஆட்சேபிப்பது என்று பொருள். ‘நான் இதை இறக்கினால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்று அவர் கேட்கிறார். ‘யெஸ்’ என்றால், ஆமாம், ஆட்சேபம் உண்டு. சம்மதம் சொல்ல ‘நோ’ என்று தொடங்க வேண்டும். ‘சரி’ என்று சொல்ல ‘நோ’ என்பது நம் நாக்குக்குக் கொஞ்ச காலம் வராது. அதனால் ஒரு வாக்கியத்தை மட்டும் முழுசாகப் பழகிக்கொள்ளுங்கள்: ‘நாட் அட் ஆல், கோ அஹெட்.’ கூடவே கையால் ‘செய்யுங்கள்’ என்று காட்டிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

இதே வினைச்சொல்லின் குடும்பம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காபியா டீயா என்று கேட்டால், ‘ஐ டோன்ட் மைண்ட்’: எதுவானாலும் சம்மதம். ‘நெவர் மைண்ட்’: பரவாயில்லை, விடுங்கள். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 1960களின் கடைசியிலிருந்து ஒலிக்கும் ‘மைண்ட் த கேப்’ என்ற அறிவிப்பில் மைண்ட் என்றால் கவனம். நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக் காலை வையுங்கள் என்கிறார்கள்.

நான்காம் படி: அலுவலகத்தில் காதில் விழுபவை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பயமுறுத்துகிற சொல் ‘நோ-பிரெய்னர்’. மேலதிகாரி, ‘திஸ் இஸ் எ நோ-பிரெய்னர்’ என்றதும், தன்னை மூளையில்லாதவன் என்று சொல்லிவிட்டார் என நினைத்து ஒரு பெண் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது அவரைப் பற்றிய பேச்சே இல்லை. யோசிக்கவே தேவையில்லாத அளவு தெளிவான முடிவு என்றுதான் அதற்குப் பொருள். பாதி விலைக்கு அதே பொருள் கிடைத்தால் வாங்குவது நோ-பிரெய்னர்.

‘கேன் ஐ பிக் யுவர் பிரெய்ன்?’ என்று யாராவது கேட்டால் மகிழ்ச்சியாக உட்காருங்கள். உங்களுக்கு அந்த விஷயம் தெரியும், கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். ‘லெட்ஸ் பிரெய்ன்ஸ்டார்ம்’ என்றால் எல்லோரும் மனசில் தோன்றுவதைத் தயங்காமல் சொல்லுங்கள், சரியா தவறா என்பதை அப்புறம் பார்க்கலாம் என்ற அழைப்பு.

நம் செய்தித்தாள்கள் ‘கொள்ளைக்கு மூளையாகச் செயல்பட்டவர்’ என்று எழுதுகின்றன இல்லையா, அது ஆங்கிலத்தில் ‘த பிரெய்ன்ஸ் பிஹைண்ட் இட்’. கடைசியில் உள்ள ‘ஸ்’ முக்கியம். ‘ஹி ஹாஸ் எ பிரெய்ன்’ என்றால் மண்டைக்குள் மூளை என்ற உறுப்பு இருக்கிறது. ‘ஹி ஹாஸ் பிரெய்ன்ஸ்’ என்றால் அறிவுள்ளவர்.

‘ஹெட்’டில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘தலைக்கு மேல போயிடுச்சு’ என்றால் நிலைமை கைமீறிவிட்டது. ஆங்கிலத்தில் ‘இட் வென்ட் ஓவர் மை ஹெட்’ என்றால், எனக்குப் புரியவில்லை. கைமீறியதைச் சொல்ல ‘இட்ஸ் அவுட் ஆஃப் கன்ட்ரோல்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கணக்கு, புள்ளிவிவரம் எதையாவது திடீரென்று கேட்டால், சரிபார்க்காமல் சொல்கிறேன் என்பதற்கு ‘ஆஃப் த டாப் ஆஃப் மை ஹெட்’ என்று தொடங்குவது நல்ல பழக்கம். பிறகு திருத்த இடம் இருக்கும்.

ஐந்தாம் படி: ஒருவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல

நம்மிடம் எவ்வளவு நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன! சூட்டிகை, சமர்த்து, சாமர்த்தியம், விவரம், பக்குவம், கற்பூர புத்தி. இவ்வளவையும் ‘இன்டெலிஜென்ட்’ என்ற ஒரே சொல்லில் போட்டு அமுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இடம் உண்டு.

சூட்டிகையான குழந்தையை ‘பிரைட்’ என்கிறார்கள். சொன்னதும் பற்றிக்கொள்கிற கற்பூர புத்தி உள்ளவர் ‘குயிக் லேர்னர்’. வியாபாரத்தில் விவரமான ஆள் ‘ஷ்ரூட்’. படிப்பு இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்தவர் ‘ஸ்ட்ரீட்-ஸ்மார்ட்’. ஆபத்தான நேரத்தில் சட்டென்று சரியானதைச் செய்தவருக்கு ‘பிரசென்ஸ் ஆஃப் மைண்ட்’ இருந்தது. சமயோசித புத்திக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. பட்டுத் தெளிந்த பக்குவம் உள்ளவர் ‘வைஸ்’. நன்றாகப் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ‘கிளெவர்’ ஆகலாம், ‘பிரில்லியன்ட்’ ஆகலாம். அவனை ‘வைஸ்’ என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லுக்கு வயதும் அனுபவமும் வேண்டும். ‘வைஸ்’, ‘விட்’ ஆகியவற்றின் வேரும் சமஸ்கிருத ‘வித்யா’வின் வேரும் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம் வித்தை அந்த வித்யாவிலிருந்து வந்தது.

‘ஸ்மார்ட்’ ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் அறிவாளி. பிரிட்டனில் நேர்த்தியாக உடுத்தியவர் என்ற பொருளும் பலமாக இருக்கிறது. ‘ஸ்மார்ட்டா இருக்கான்’ என்று நாம் தோற்றத்தைச் சொல்வது அதை ஒட்டியதுதான். அதன் பழைய பொருள் எரிச்சல். வெங்காயம் நறுக்கும்போது கண் எரிந்தால் இன்றும், ‘மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்’ என்பார்கள்.

‘சென்சிபிள்’, ‘சென்சிட்டிவ்’ இரண்டும் வேறு வேறு. முன்னது யோசித்து நடப்பவர், பின்னது சட்டென்று மனம் நோகிறவர்.

மிகவும் கவனிக்க வேண்டியது ‘கன்னிங்’. ஒரு மாணவர் வேலை விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரி: ‘ஐ ஆம் எ கன்னிங் அண்ட் ஹார்ட்வொர்க்கிங் பர்சன்.’ அகராதியில் சாமர்த்தியம் என்று பார்த்திருக்கிறார், அங்கே கன்னிங் இருந்திருக்கிறது. அச்சொல்லுக்கு ஒரு காலத்தில் தெரிந்தவர், திறமைசாலி என்ற நல்ல பொருள் இருந்தது உண்மைதான். இன்று அதில் நரித்தனம் ஏறிவிட்டது. ‘நான் சூழ்ச்சிக்காரன், கடும் உழைப்பாளி’ என்று எழுதி யாரிடமாவது வேலை கேட்க முடியுமா? அந்த இடத்தில் ‘ரிசோர்ஸ்ஃபுல்’ என்று எழுதச் சொன்னேன். கையில் இருப்பதை வைத்துக் காரியத்தை முடிப்பவர் என்று பொருள்.

இன்னொன்று: தன்னைத்தானே ‘இன்டெலிஜென்ட்’, ‘பிரில்லியன்ட்’ என்று சொல்லிக்கொள்வது ஆங்கிலத்தில் பெருமை பீற்றுவதாகத் தொனிக்கும். நேர்காணலில் ‘ஐ ஆம் எ குயிக் லேர்னர்’, ‘ஐ ஆம் குட் வித் நம்பர்ஸ்’ என்று சொல்லி, உடனே நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். மதிப்பு அதில்தான் ஏறும்.

ஆறாம் படி: நம் ஊர் எல்லை தாண்டாத ஆங்கிலம்

‘ஹெட்வெயிட்’ தலைக்கனத்தின் மொழிபெயர்ப்பு, நம் சொந்தத் தயாரிப்பு. வெளியே ‘பிக்-ஹெடட்’ என்றால்தான் புரியும். ‘மெமரி பவர் ஜாஸ்தி’ என்பதற்கு ‘எ குட் மெமரி’ போதும். ‘மைண்ட் வாய்ஸ்’ தமிழ்நாட்டுக்கு வெளியே செல்லாது.

‘மெண்டல்’ மட்டும் தனி. நாம் அதை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அது மனம் சார்ந்தது என்று பொருள்படும் சாதாரணச் சொல்: ‘மென்டல் ஹெல்த்’ மனநலம், ‘மென்டல் மேத்ஸ்’ மனக்கணக்கு. மனநல மருத்துவரிடம் போகத் தயங்குகிறவர்களில் பலருக்கு இந்த வசைதான் தடையாக நிற்கிறது என்பது என் அனுபவம். தமிழிலும் இதை யாரைப் பார்த்தும் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் கேட்டுக்கொள்கிறேன்.

அதே போல ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘மோரான்’. இம்மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் மனிதர்களைத் தரம் பிரித்து எழுதிய சொற்கள். மூன்றாவதை 1910-இல் அமெரிக்க உளவியலாளர் ஹென்றி காடார்ட், கிரேக்கத்தில் மந்தம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து உருவாக்கினார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள் மீது ஒட்டப்பட்ட அந்தப் பெயர்ச்சீட்டுகள் தெருவுக்கு வந்து வசையாகின. பிறகு வந்த ‘ரிடார்டட்’ என்ற சொல்லுக்கும் அதே கதி. அமெரிக்கா 2010-இல் சட்டம் போட்டுத் தன் மத்திய சட்டங்களில் அதை மாற்றியது. இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ‘இன்டெலெக்சுவல் டிஸபிலிட்டி’ என்றே எழுதுகிறது. நீங்களும் அதையே பழகுங்கள்.

ஏழாம் படி: ஆஸ்பத்திரியில்

வெளிமாநில மருத்துவரிடம் அவசரத்தில் பேச வேண்டி வந்தால் உதவும் சில சொற்கள். பக்கவாதம் ‘ஸ்ட்ரோக்’. வலிப்பு ‘சீஷர்’, நம் ஊரில் ‘ஃபிட்ஸ்’ என்றாலும் புரியும். தலையில் அடிபட்டு மூளை அதிர்வது ‘கன்கஷன்’. நினைவிழந்தார் என்பதற்கு ‘ஹி லாஸ்ட் கான்ஷஸ்னெஸ்’. மருத்துவர் ‘இஸ் ஹி கன்ஃப்யூஸ்ட்?’ என்று கேட்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பத்தைக் கேட்கவில்லை. தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்று தெரியாமல் பேசுகிறாரா என்று கேட்கிறார். பதில் சொல்லுமுன் நோயாளியின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

‘பிரெய்ன் டெட்’ என்பதும் ‘கோமா’வும் ஒன்றல்ல. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. மூளைச்சாவு என்பது சாவு. இந்தியாவில் 1994-இல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை அப்படியே ஏற்கிறது. உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்திடம் கேட்பது அந்த வேளையில்தான். சொல்லின் பொருள் தெரியாமல் அந்த உரையாடலில் உட்காருவது பெரும் வேதனை.

உடற்கூறுச் சொற்களில் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளியில் சிறுமூளை என்று படித்தோமே, ‘செரிபெல்லம்’ என்ற லத்தீன் சொல்லுக்கும் சின்ன மூளை என்றுதான் பொருள். ‘ஹிப்போகேம்பஸ்’ கடல்குதிரை, ‘அமிக்டலா’ பாதாம், ‘கார்டெக்ஸ்’ மரப்பட்டை. பார்த்த வடிவத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எட்டாம் படி: செய்தி படிக்கும்போது

‘இன்டெலிஜென்ஸ் ரிப்போர்ட்’ என்று தலைப்பில் வந்தால் அது உளவுத் தகவல். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்றால் செயற்கை நுண்ணறிவு. ஜான் மெக்கார்த்தியும் உடனிருந்தவர்களும் 1955-இல் எழுதிய ஆய்வுத் திட்டத்தில் வந்த பெயர். ‘பிரெய்ன் டிரெய்ன்’ என்றால் படித்தவர்கள் வெளிநாடு போய்விடுவது. ‘பிரெய்ன் ராட்’ 2024-இல் ஆக்ஸ்ஃபோர்டு தேர்ந்தெடுத்த ஆண்டின் சொல். கைப்பேசியில் உப்புச்சப்பில்லாததை ஓயாமல் பார்த்து மூளை மழுங்குவதைக் குறிக்கிறது.

இனி, பழகும் முறை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் மைண்ட், வலப்பக்கம் ஹார்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நீங்களோ வீட்டில் மற்றவர்களோ ‘மனசு’ என்று சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழிலேயே குறியுங்கள். இரவு உட்கார்ந்து, இது முடிவா, நினைவா, கவனமா, இல்லை உணர்ச்சியா என்று கேட்டு, உரிய பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டிலும் சேராதவற்றுக்குக் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள். முதல் வாக்கியமாக இதை எடுத்துக்கொள்ளலாம்: ‘பெரிய மனசு பண்ணி இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார்.’ இது கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டியது. ‘ப்ளீஸ் லெட் இட் கோ ஜஸ்ட் திஸ் ஒன்ஸ், சார்.’